விரட்டுவது வைத்தியமல்ல!

“காலிப் பயல்களை அப்புறப்படுத்துங்கள்!”

நம் வட்டாரத்துக் கனவான்கள் சமீபத்தில் ஒன்று கூடி நிறைவேற்றியிருக்கும் தீர்மானத்தின் சாராம்சம் இதுதான். ரயிலடிப் பக்கத்திலும், மேம்பாலத்துக்குக் கீழேயும், பழைய இரும்புக் கடைகளின் சந்திலும் உட்கார்ந்துகொண்டு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும், வைட்னரையும், பெயின்ட் கடைத் தின்னரையும் முகர்ந்து மயங்கிக் கிடக்கும் சிறுவர்களைத்தான் இந்தக் கனவான்கள் ‘காலிப் பயல்கள்’ என்கிறார்கள். போலீசைக் கூப்பிட வேண்டுமாம். நாலு தட்டுத் தட்டி விரட்ட வேண்டுமாம். அப்படிச் செய்தால் ஊர் சுத்தமாகி விடுமாம்!

நாம் கேட்கிறோம்: எங்கே விரட்டப் போகிறீர்கள்? ஒரு மேம்பாலத்திலிருந்து இன்னொரு மேம்பாலத்துக்கா? உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தப் பிள்ளைகள் சாகட்டும் என்பதுதானே இந்தத் தீர்மானத்தின் பொருள்? அதை ஏன் நேராகச் சொல்லக் கூடாது?

“பெற்றோர் வளர்ப்புச் சரியில்லை, சினிமா கெடுத்து விட்டது, ஒழுக்கம் போய்விட்டது” என்று தர்மோபதேசம் செய்கிறவர்களும் உண்டு. விடிவதற்கு முன் குப்பை பொறுக்கக் கிளம்பி, இருட்டிய பிறகு குடிசைக்குத் திரும்பும் தாயிடம் போய் ‘வளர்ப்பு’ பற்றிப் பேசுகிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா? பசியை மறக்க, குளிரை மறக்க, வாங்கிய அடியை மறக்கத்தான் அந்தச் சிறுவர்கள் இந்த ஆவியை முகருகிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை விட ஒரு டியூப் சொல்யூஷன் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், குற்றவாளி யார் என்பதை முதலில் தீர்மானிப்போம்.

இது என்ன விஷம்?

கள்ளும் சாராயமும் நம் மக்களுக்குத் தெரிந்த சனியன்கள். இது வேறு விதம். சொல்யூஷன், வைட்னர், தின்னர் இவற்றில் பெரும்பாலும் டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. பசையையும் வர்ணத்தையும் இளக்கி வைத்து, பூசியவுடன் ஆவியாகிப் போவதுதான் இவற்றின் வேலை. அந்த ஆவி மூச்சோடு போனால், வயிற்றுக்குப் போகாமல் நுரையீரல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. சில விநாடிகளில் மூளையைப் பிடிக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் குணமுள்ள பொருள், கொழுப்புச் சத்து நிறைந்த மூளையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாளாக நாளாக மூளையின் நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் உறை சிதைகிறது. நினைவு மங்குகிறது. நடை தள்ளாடுகிறது. காது மந்தமாகிறது. டொலுயீன் சிறுநீரகத்தைக் கெடுத்து, உடம்பிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றி விடுவதால் கைகால்கள் துவண்டு விழுகின்றன. ஹெக்சேன் கை, கால் நரம்புகளைக் கெடுக்கிறது. பத்து வயதில் ஆரம்பித்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை என்றால் அதற்குப் பெயர் மந்தபுத்தி அல்ல, விஷம்!

இதையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. 1970-ல் அமெரிக்காவில் மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர், இப்படி முகர்ந்து திடீரென்று செத்துப் போன 110 இளைஞர்களின் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்டார். ‘திடீர் முகர்வு மரணம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். இந்த ஆவி இதயத்தை ஒரு விபரீத நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த நேரத்தில் பயமோ, அதிர்ச்சியோ, திடீர் ஓட்டமோ ஏற்பட்டால், உடம்பில் சுரக்கும் அட்ரினலினை அந்த இதயம் தாங்குவதில்லை. தாளம் தப்பித் துடித்து நின்று விடுகிறது. வருஷக் கணக்கில் பழகியவனுக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் ஆகலாம்.

கனவான்களே! இப்போது உங்கள் தீர்மானத்தை மறுபடி ஒரு முறை படியுங்கள். லத்தியோடு போய் விரட்ட வேண்டும் என்கிறீர்கள். பயம், அதிர்ச்சி, ஓட்டம் இந்த மூன்றும்தான் அந்தச் சிறுவனைக் கொல்லக் கூடியவை. நீங்கள் கேட்பது ஒழுங்கு நடவடிக்கையல்ல, மரண தண்டனை!

நம்முடைய குற்றம்

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம் குற்றத்தை ஒப்புக் கொள்வதுதான் கம்யூனிஸ்டுகளுக்கு அழகு. எனவே இதையும் இங்கே எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் சங்க ஆபீசின் பித்தளைக் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்யூஷன் அடிக்கும் பதிமூன்று வயதுப் பையன் ஒருவன்தான் எடுத்தான் என்று தெரிந்தது. நம் வாலிபத் தோழர்கள் நான்கு பேர் அவனைத் தேடிப் போனார்கள். சந்தில் உட்கார்ந்திருந்தவன் இவர்களைக் கண்டதும் எழுந்து ஓடினான். இவர்கள் கத்திக்கொண்டே விரட்டினார்கள். ரயில் வேலி ஓரமாக ஐம்பது கஜ தூரம் ஓடியிருப்பான், முகம் குப்புற விழுந்தான். தூக்கிப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

விரட்டிய தோழர்களே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தான். பணியிலிருந்த இளம் டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்து விட்டு, “விழுந்ததால் மயங்கினான் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் விரட்டியதால் இவன் செத்திருப்பான்” என்றார். மேலே நாம் இதயத்தைப் பற்றி எழுதியிருக்கும் விஷயத்தை அன்றுதான் அவரிடமிருந்து தெரிந்து கொண்டோம்.

மறு நாள் பையனின் தாய் சங்க ஆபீசுக்கு வந்தாள். சுமை தூக்கும் தொழிலாளியாக இருந்து இறந்து போன நம் சங்க உறுப்பினரின் மனைவி அவள். சண்டை போடவில்லை. வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: “அண்ணே, எம் புள்ள குழாயை எடுத்தது தப்புதான். அவன் ஒரு வருஷமா இந்தக் கருமத்தை மோந்துக்கிட்டுத் திரியறான்னு இந்தத் தெருவுக்கே தெரியும். குழாய் போன அன்னிக்குத்தானே நீங்க தேடி வந்தீங்க?”

நம்மில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கிளைக் கூட்டத்தில் விவாதம் நடந்தது. “இவர்கள் உதிரிகள், வர்க்க உணர்வு இல்லாதவர்கள். நாளைக்கு முதலாளியின் அடியாளாகப் போகிறவர்கள். இவர்களுக்காக நேரத்தைச் செலவிட முடியுமா?” என்று ஒரு தோழர் கேட்டார். அவருக்கு நாம் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறோம். அந்தப் பையன் யார்? தொழிலாளியின் மகன். அவனை உதிரியாக்கியது எது? தகப்பன் செத்த பிறகு நஷ்ட ஈடு கிடைக்காமல் போனது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது யாரும் கேட்காமல் போனது. சைக்கிள் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே சொல்யூஷன் டியூபைக் கையில் எடுத்தது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் நாம் எங்கே இருந்தோம்? நம் வர்க்கத்தின் பிள்ளையை நாம் கை கழுவினால், அவனை எடுத்துக்கொள்ள அடியாள் வைத்திருப்பவன் தயாராக நிற்கிறான். அதற்குப் பிறகு வர்க்க உணர்வு இல்லை என்று அவனைக் குறை சொல்வது என்ன நியாயம்?

சர்க்கார் எங்கே?

இது ஏதோ நாலு சந்துகளின் பிரச்சினை அல்ல. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், பச்பன் பசாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், குழந்தைகளிடையே போதைப் பழக்கம் பற்றித் தேசிய அளவில் கணக்கெடுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. அது சொல்வது என்ன? எல்லாப் போதைப் பொருள்களிலும் பெரியவர்களை விடச் சிறுவர்கள் அதிக விகிதத்தில் உபயோகிப்பது இந்த முகரும் பொருள்களை மட்டும்தான்! பெரியவர்களில் 0.58 சதவிகிதம், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 1.17 சதவிகிதம். உடனடியாக உதவி தேவைப்படும் நிலையிலுள்ள சிறுவர்கள் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர். பெரியவர்கள் 18 லட்சம் பேர்.

இந்தக் கணக்கு சர்க்காரின் கையிலேயே இருக்கிறது. செய்தது என்ன? 2020 ஆகஸ்ட் 15-ல் 272 மாவட்டங்களில் ‘போதையில்லா பாரதம்’ இயக்கத்தை ஆரம்பித்தார்கள். உறுதிமொழி, ஊர்வலம், பதாகை! கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள். முகருகிறவனோ பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிறான். 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையைத் தானே எடுத்து நடத்தும் மாநில சர்க்காருக்கோ போதையைப் பற்றிப் பேசும் யோக்கியதையே கிடையாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாட்டிலில் அடைத்த வைட்னரையும் அதன் தின்னரையும் சில்லறையில் விற்கக் கூடாது, பேனா போன்ற சாதனத்தில்தான் விற்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2012 ஜூலையில் அறிவிக்கை வெளியிட்டது. ஆனால் பஞ்சர் சொல்யூஷனையும் பெயின்ட் தின்னரையும் என்ன செய்வது? 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் இந்தக் கரைப்பான்கள் இல்லை. சைக்கிள் கடைக்கும் வர்ணம் பூசுகிறவருக்கும் வேண்டிய பொருள், ஒரேயடியாகத் தடை செய்யவும் முடியாது. எனவே தடை ஒன்றே போதும் என்பவர்களும் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

இன்னொரு சட்டத்தைப் பற்றிக் கனவான்களுக்கும் போலீசுக்கும் நினைவூட்டுகிறோம். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, போதைப் பழக்கத்துக்கு இழுக்கப்படும் ஆபத்திலுள்ள சிறுவன் ‘கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் போலீஸ் லத்திக்கு இடமில்லை.

லாபத்துக்குக் கடுகெண்ணெய் கசக்கும்!

“கடைக்காரன் விற்கிறான், பையன் வாங்குகிறான், தயாரிக்கிறவர் என்ன செய்வார்?” என்று கேட்கிறார்கள். என்ன செய்ய முடியும் என்பதற்கும், என்ன செய்ய மறுப்பார்கள் என்பதற்கும் உலகத்தில் உதாரணம் இருக்கிறது.

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்ற ஏழை நாடு. அங்கே செருப்புத் தைக்க விற்கப்பட்ட ‘ரெசிஸ்டால்’ என்ற பசையைத் தெருச் சிறுவர்கள் முகர்ந்தார்கள். அந்தப் பசையின் பெயராலேயே அவர்களை ‘ரெசிஸ்டலேரோக்கள்’ என்று அழைக்கும் அளவுக்குப் பழக்கம் பரவியது. தயாரித்து விற்றது எச்.பி. ஃபுல்லர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கிளை. பசையில் கடுகெண்ணெய்க் காரத்தைச் சேர்த்தால் முகர முடியாமல் மூக்கு எரியும். அமெரிக்காவில் பொம்மை விமானம் ஒட்டும் பசையில் இந்தக் காரத்தை 1960-களின் கடைசியிலேயே சேர்த்து விட்டார்கள். 1989-ல் ஹோண்டுராஸ் சட்டசபையும் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. நடந்தது என்ன? கம்பெனி அதற்கு இணங்கவில்லை. சட்டம் ஏட்டோடு நின்றது. கண்டனம் வலுத்த பிறகு 1992-ல், ஹோண்டுராஸிலும் குவாதமாலாவிலும் சில்லறை விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். தொழிற்கூடங்களுக்கு விற்பது தொடர்ந்தது. அமெரிக்கப் பிள்ளையின் மூக்குக்கு ஒரு நியாயம், ஹோண்டுராஸ் பிள்ளையின் மூக்குக்கு ஒரு நியாயம்! இதுதான் ஏகாதிபத்திய மூலதனத்தின் தர்மம்.

தோழர்களே, இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே பசையைத்தான் செருப்புத் தொழிலாளியும் நாள் முழுதும் மூச்சில் இழுக்கிறார். அவர் போதைக்காக இழுக்கவில்லை, கூலிக்காக இழுக்கிறார். பசையிலுள்ள ஹெக்சேனால் கைகால் நரம்பு செத்துப் போவதை இத்தாலி, ஜப்பான் நாடுகளின் செருப்புத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் எப்போதோ கண்டு எழுதி விட்டார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலையும் அட்டையையும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது அன்னிய விஷயமல்ல. சன்னல் இல்லாத அறையில் தொழிலாளியைப் பீடிக்கும் ஆவியும், சந்தில் சிறுவனைப் பீடிக்கும் ஆவியும் ஒன்றே. தண்ணீரில் கரைத்த பசைகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடும் என்பதால்தான் பல முதலாளிகள் அதைத் தொடுவதில்லை.

மீட்க முடியுமா?

முடியும். ஆஸ்திரேலியாவின் நடுப் பகுதியில், நிலத்தையெல்லாம் வெள்ளைக்காரனிடம் பறிகொடுத்த ஆதிக்குடி மக்களின் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து அழிந்து கொண்டிருந்தார்கள். அடியும் ஜெயிலும் ஒரு பயனும் தரவில்லை. 2005-ல் அங்கே முகர்ந்தால் போதை தராத வகையில், டொலுயீன் வகைப் பொருள்களை வெகுவாகக் குறைத்த பெட்ரோலைக் கொண்டு வந்தார்கள். வண்டி ஓடும், போதை ஏறாது. விலை கூடாதபடி சர்க்கார் மானியம் கொடுத்தது. இரண்டொரு வருஷத்துக்குள் 20 ஊர்களில் எடுத்த கணக்கில், முகருகிறவர்களின் எண்ணிக்கை 70 சதவிகிதம் குறைந்திருந்தது. 2013-ல் இதற்கென்றே தனிச் சட்டமும் செய்தார்கள்.

அதற்கும் முன்பாக, 1994-லேயே யுவெண்டுமு என்ற ஊரின் வால்பிரி மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒரு காரியம் செய்தார்கள். முகரும் பிள்ளைகளை ஊருக்கு வெகு தொலைவிலுள்ள மவுண்ட் தியோ என்ற தங்கள் பூர்வீக இடத்துக்கு அழைத்துப் போய், பெரியவர்கள் கூடவே தங்கி, வேட்டையும் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்துப் பார்த்துக் கொண்டார்கள். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேலையும் ஏற்படுத்தினார்கள். சில வருஷங்களில் அந்த ஊரில் பெட்ரோல் முகர்வது ஒழிந்தது. பொருளை மாற்றியது ஒரு கை, பிள்ளையை அணைத்தது இன்னொரு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை!

நாம் செய்ய வேண்டியது

முகர்ந்த நிலையிலுள்ள சிறுவனைக் கண்டால் கத்தாதீர்கள், விரட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அமைதியாகப் பேசிக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு வேண்டாம். ஆவி பற்றிக் கொள்ளும். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால் ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பை அழுத்தி உயிரூட்ட வேண்டும். நம் வாலிபத் தோழர்கள் அனைவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். சிறுவர்களுக்கு 1098, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 ஆகிய எண்கள் ஒவ்வொரு சங்கப் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

இந்தப் பழக்கத்தை மாற்ற மந்திர மாத்திரை எதுவும் இல்லை. சோறு, தூக்கம், வைத்தியம், பொறுமையாகப் பேசும் ஆள், பள்ளிக்கூடம் அல்லது வயதுக்கேற்ற தொழிற்பயிற்சி, இவைதான் மருந்து. மறுபடி வழுக்கி விழுவான். மறுபடி தூக்க வேண்டும். விட்டு விட்டால் உடம்பும் மூளையும் ஓரளவு தேறுகின்றன. சீக்கிரம் விட்டால் அதிகம் தேறுகின்றன.

சர்க்காரிடம் நாம் கோருவது இவை:

1. ஒவ்வொரு மாவட்ட சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் சிறுவர்களுக்கென்று தனிப் போதை மீட்புப் பிரிவு வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கும் தனியார் கொட்டடிகள் வேண்டாம்.

2. சொல்யூஷன், தின்னர் தயாரிக்கும் கம்பெனிகள் பாதுகாப்பான கரைப்பான்களுக்கு மாறும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மாற்றுப் பொருளுக்கு மானியம் கொடுத்து, சைக்கிள் கடை வைத்திருக்கும் ஏழையின் தலையில் சுமை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. சிறுவர்களுக்கு இவற்றை விற்பது குற்றம் என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். வாங்கிய சிறுவனைக் குற்றவாளியாக்கக் கூடாது.

4. பசை, வர்ணத் தொழிற்கூடங்களில் காற்றோட்டமும் மருத்துவப் பரிசோதனையும் உறுதி செய்யப்பட வேண்டும்.

5. இரவில் படுக்க இடமில்லாத சிறுவர்களுக்குப் பூட்டில்லாத, சோறும் பாயும் கிடைக்கும் விடுதிகள் வேண்டும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று வாசகர்கள் கேட்கலாம். சாயங்காலங்களில் சங்க ஆபீசுக்கு வருகிறான். இரண்டு தோழர்கள் முறை வைத்து அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். இடையில் இரண்டு தடவை பழைய சந்துக்கே போய்விட்டான். விரட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசி அழைத்து வந்தோம். முழுதும் மீண்டு விட்டான் என்று பெருமையடிக்க நாம் தயாராக இல்லை. மறுபடி பள்ளியில் பெயர் எழுதியிருக்கிறோம். குழாய் இருந்த இடத்தில் புதுக் குழாயை அவனேதான் பிடித்துக் கொடுக்க, நம் பிளம்பர் தோழர் மாட்டினார்.

கனவான்கள் தங்கள் தீர்மானத்தை வாபஸ் வாங்கட்டும். வாங்காவிட்டாலும் கவலையில்லை. விரட்ட வருகிறவர்களுக்கும் அந்தச் சந்துக்கும் நடுவில் இனிமேல் நாம் நிற்போம். அந்தத் தாய் கேட்ட கேள்வியை வேறொரு தாய் வேறொரு சங்க வாசலில் கேட்கும் நிலை வரக் கூடாது. குழாய் போகும் வரை காத்திராமல், தோழர்களே, இன்றே உங்கள் பகுதிச் சந்துகளுக்குப் போங்கள்!